ஒரு மேசையும் அதன் மேல் நாங்கள் மாட்டிய விளக்குகளும்

விளக்கு விற்கிற தொழிலில் இருட்டைப் பற்றி எவரும் வந்து குறை சொல்வதில்லை. வெளிச்சம் வந்த பிறகுதான் சண்டை ஆரம்பிக்கும். ஜவுளிக்கடையிலோ செருப்புக்கடையிலோ நாள் முழுக்க நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்கவேண்டியதில்லை. வாங்க வந்தவருக்குத் தமக்கு என்ன வேண்டும் என்று தெரியாது. ஆனால் நாம் எடுத்துக் காட்டுகிற சாமான் மட்டும் வேண்டாம் என்பது நிச்சயமாகத் தெரியும்.

இரண்டாம் உலக யுத்த காலத்திலும் அதற்குப் பிறகும் தூத்துக்குடியில் பொன்னையா அண்ணாச்சியின் எலெக்ட்ரிக் சாமான் கடையில் வேலை பார்த்தேன். கடையில் விளக்கை எடுத்துக் காட்டுவதும், பிறகு வீட்டுக்கே போய் அது எங்கே, எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும் என்று பார்ப்பதும் என் பாடு. ஏணியில் ஏறி மாட்டுவது சூசை அண்ணன். அவர் முத்துக்குளிக்கிற குடும்பத்துப் பிள்ளை. சலாபம் என்கிற முத்துக்குளிப்பு நடக்கிற வருஷத்தைவிட நடக்காத வருஷமே அதிகம் என்பதால், கடலை நம்பாமல் ஒயர் வேலை படித்துக்கொண்டு கரையேறியவர். நாங்கள் இரண்டு பேரும் மாட்டிய விளக்குகள் அநேகம். அதையெல்லாம் சொல்லி உங்களை வதைக்கப் போவதில்லை. ஒரே ஒரு பில்லியர்ட்ஸ் மேசைக்கு மேலே மாட்டியதை மட்டும் சொல்கிறேன். அந்த மேசை ஊருக்குள் வீடு மாறிக்கொண்டே இருந்தது. நாங்களும் ஏணியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே அலைந்தோம்.

பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய கட்டில்களைச் சேர்த்துப் போட்டது போல ஒரு மேசை. கல் பலகை, அதன் மேல் இழுத்து ஒட்டிய பச்சைத் துணி. நீளக் கோலால் ஒரு பந்தைத் தட்டி இன்னொரு பந்தில் இடிக்க வேண்டும். இதற்கு மேலே தொங்குகிற விளக்கு மேசை முழுக்க ஒரே சீராக வெளிச்சம் தர வேண்டும். நிழல் விழக்கூடாது, கண்ணில் குத்தக்கூடாது, தலையில் இடிக்கக்கூடாது. சங்கதி இவ்வளவுதான். இந்த இவ்வளவைத்தான் ஊரில் ஒருவராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கறுப்புப் பாவாடை

மேசை முதலில் இருந்தது கடற்கரைப் பங்களாவில், ஒரு கப்பல் கம்பெனி ஏஜெண்டு துரையிடம். அதற்கென்றே செய்த விளக்கு அவரிடம் இருந்தது. பித்தளைச் சட்டத்தில் ஆறு பச்சை ஷேடுகள். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சேதி வந்ததும் ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடினார்கள். அந்தியானால் கடல் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக்கூடாது என்று உத்தரவு. துரைக்கு இந்த யுத்தத்தில் ஒரே ஒரு கவலைதான் இருந்தது. அவருடைய சாயங்கால ஆட்டம் நின்றுபோகும். எங்களைக் கூப்பிட்டனுப்பினார். "ஜன்னல்களை அடைத்துவிடலாமே" என்றேன். ஜன்னலை அடைத்தால் காற்று வராதாம். "விளக்கை அடை" என்றார்.

அடைத்தோம். சட்டத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியைத் தைத்து, மேசைக்கு ஒரு சாண் மேலே வரை தொங்கவிட்டோம். விளக்குக்குப் பாவாடை கட்டிய மாதிரி இருந்தது. பந்து எங்கே கிடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பாவாடையைத் தூக்கித் தலையை உள்ளே விட வேண்டும். துரையும் அவருடைய கூட்டாளி துரையும் தலையை உள்ளே விட்டுக்கொண்டு, மிச்சத்தை வெளியே நீட்டிக்கொண்டு ஆடினார்கள். இருட்டடிப்பைச் சோதனை போட வந்த ஏ.ஆர்.பி. வார்டன் ஒரு வக்கீல் குமாஸ்தா. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர், வெளியே தெரிந்த பாதிக்கே விறைப்பாக ஒரு சலாம் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கடல்காற்று துணியைப் படபடவென்று அடித்தது. முனையில் ஈயக்குண்டு வைத்துத் தைக்கும்படி பட்லர் எங்களிடம் கெஞ்சினார். "ஜப்பான்காரன் வருவானோ மாட்டானோ, அதுக்கு இத்தனை பாடா?" என்று சூசை அண்ணன் கேட்டார். பட்லர் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "குண்டு விழுந்தா ஒரு தடவைதான்வே சாவேன். ஆட்டம் நின்னா துரை என்னையத் தெனமும் கொல்லுவாரு. நல்லாத் தையும்."

வெளிச்சம் தனி, மேசை தனி

யுத்தம் முடிந்து, சுதந்திரம் வரப்போகிறது என்று ஆனதும் துரை கப்பலேறினார். பங்களா முற்றத்தில் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. மேசையை எடுத்தவர் உப்பளம் வைத்திருந்த வைகுண்டம் அண்ணாச்சி. பில்லியர்ட்ஸ் என்ற வார்த்தை அவர் வாயில் முழுசாக வரவே வராது. 'பில்லி மேசை' என்பார். துரை வைத்திருந்தது நம் வீட்டில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. விளக்கைத் தனியாக ஏலம் கூறினார்கள். "அது எதுக்கு? நம்ம வீட்டுலதான் கரண்டு இருக்கே" என்று விட்டுவிட்டார். சலூன் வைத்திருந்த ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் நாற்காலிகளுக்கு மேலே தொங்கவிட்டார்.

வைகுண்டம் அண்ணாச்சி மேசையை மாடியில் போட்டு, அங்கே ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த ஒற்றை பல்பின் கீழ் கோலைப் பிடித்துக் குனிந்தார். அவருடைய தொந்தியின் நிழல் பாதி மேசையை மூடிவிட்டது. பந்து இருந்த இடம் தெரியவில்லை. மறுநாள் கடைக்கு வந்தார். அந்தப் பழைய விளக்கையே திரும்ப வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். தாம் போய்க் கேட்டால் கௌரவம் என்ன ஆவது என்று என்னை அனுப்பினார். சலூன்காரர் ஒருவருக்கு முகம் வழித்துக்கொண்டிருந்தார். ஆறு ஷேடுக்குக் கீழே அந்த முகம் அச்சு வெல்லம் போல மினுங்கியது. கத்தியை எடுக்காமலே எனக்குப் பதில் சொன்னார்: "வெளக்கு தாரதுக்கில்ல. அண்ணாச்சி தலைய இங்கன கொண்டாரச் சொல்லுங்க, வெளிச்சம் சும்மாவே தாரேன்."

அண்ணாந்து பார்க்க ஒரு விளக்கு

பிறகுதான் புது விளக்குத் தேர்வு. மூன்று ஷேடு வைத்த நீள விளக்கு ஒன்று கடையில் இருந்தது. அதைக் காட்டினேன். "இது பலசரக்குக் கடையில அரிசி மூட்டைக்கு மேல தொங்குறது" என்றார். அவர் கண் போன இடத்தில், ஏதோ ஜமீனில் கழித்துவிட்டதைப் பொன்னையா அண்ணாச்சி வாங்கிப் போட்டிருந்த கண்ணாடிச் சரவிளக்குத் தொங்கியது. கை வைத்தால் கிலுகிலு என்று கிலுங்கும். "இது ஆகாது அண்ணாச்சி. வெளிச்சம் சிதறும்" என்றேன். "பாக்குறவன் அண்ணாந்து பாக்கணும்வே" என்றார். ஆடுகிறவர்கள் குனிந்துதானே பார்ப்பார்கள் என்று கேட்டேன். "ஆடுதது எவன்?" என்றார். இவ்வளவு உண்மையாகப் பேசுகிற வாடிக்கைக்காரர் கிடைப்பது அபூர்வம்.

பனங்கட்டை உத்திரத்தில் கொக்கி அடித்துச் சூசை அண்ணன் அதை மாட்டினார். அன்று மாலை உப்பளக்காரர்கள் நாலைந்து பேர் விருந்துக்கு வந்தார்கள். எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, "பலே" என்றார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருவர் கோலை எடுத்துவிட்டார். ஜன்னல் வழியே கடல்காற்று வர, மேலே சரங்கள் ஆட, கீழே பச்சைத் துணி முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் ஓடியது. ஒவ்வொரு பந்துக்கும் சுற்றிலும் ஏழெட்டு நிழல். அவர் குறி பார்த்து அடித்தது ஒரு நிழலை. காப்பித் தட்டோடு மேலே வந்த வைகுண்டம் அண்ணாச்சியின் சம்சாரம் மேசையைப் பார்த்துப் பதறிவிட்டார். தட்டை வைத்துவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு சொன்னார்: "ஏங்க, துணி பூராவும் பூச்சி ஊருதே! இத்தன ஆம்பளைய நிக்கியளே, ஒரு ஆளு தட்டிவிடப்படாதா?"

மாப்பிள்ளை நெற்றி

சரவிளக்குக் கூடத்துக்கு இறங்கியது. பலசரக்குக் கடை விளக்கு என்று வைதாரே, அந்த மூன்று ஷேடு விளக்கு மாடிக்கு ஏறியது. அதற்குக் காரணம் ஞானோதயம் அல்ல. அவர் மகள் செண்பகத்தைப் பெண் பார்க்கக் கயத்தாறு பக்கத்திலிருந்து ஒரு வக்கீல் மாப்பிள்ளை வருவதாக இருந்தது. மெட்ராஸில் படித்தவர். அங்கே கிளப்பில் பில்லியர்ட்ஸ் ஆடுவார் என்று தரகர் சொல்லியிருந்தார். அப்படியானால் விளக்கு ஒழுங்காக இருந்தாக வேண்டும். ஆனால் உயரம்? நான் ஓர் உயரம் சொன்னேன். வைகுண்டம் அண்ணாச்சி மேசை ஓரமாக நிமிர்ந்து நின்று, "என் நெத்திக்கு மேல ஒரு சாண். அதுக்கு மேல போனா வெளிச்சம் வீணு" என்றார். அவர் குட்டையான மனிதர். மாப்பிள்ளை எவ்வளவு உயரம் என்று கேட்டிருக்கலாம். அவருடைய பட்டம், நிலம், நகை எல்லாம் கேட்டவர்கள் அதைக் கேட்கவில்லை.

விளக்கு அணைந்துவிட்டால் என்ன செய்வது என்று அன்றைக்கு என்னையும் அங்கே நிற்கச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை வந்தார். கதவில் குனிந்து நுழைகிற ஆள். கோலை வாங்கி, குனிந்து, உண்மையாகவே நல்லதொரு அடி அடித்தார். பந்து ஓடி ஓடிப் போய் மேசை மூலையில் இருந்த பைக்குள் விழுந்தது. எல்லோரும் கை தட்ட, அந்தப் பெருமையில் சட்டென்று நிமிர்ந்தார். தகர ஷேடின் விளிம்பு நெற்றியில் 'ணங்' என்று இடித்தது. கோபத்தில் விளக்கைப் பிடித்துத் தள்ளினார். தொங்குகிற விளக்கைத் தள்ளினால் அது என்ன செய்யும்? போன வேகத்தில் திரும்பி வந்து இன்னொரு முறை இடித்தது. அப்புறம் மாப்பிள்ளை பேசியதை நான் எழுத மாட்டேன். பாதி இங்கிலீஷில் பேசினார். மீதித் தமிழில் இந்த வீட்டையும், இதில் இருப்பவர்களையும், உப்பு விற்றுப் பணம் பார்த்த ஜாதியையும் ஒன்று விடாமல் வைதார். கோலை எடுத்துச் சுவரில் எறிந்தார். வைகுண்டம் அண்ணாச்சி மாப்பிள்ளையின் நெற்றியில் மஞ்சளை வைத்து அழுத்திக்கொண்டே அவர் தாடையைத் தாங்கினார். நாளைக்கே விளக்கைக் கழற்றிக் கடலில் போடுகிறேன் என்றார். கல்யாணத்தைத் தை மாதத்துக்கே வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கே கூசியது.

காப்பித் தம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்த பெண்ணை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். அவள் தம்ளரை மேசை விளிம்பில் வைத்துவிட்டு, தகப்பனார் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, வெளக்குத் தெரியாம இடிச்சதுக்கே இந்தக் குதி குதிக்காரு. நான் உப்பளத்துக்காரன் மவ. ஒருநா கொழம்புல உப்புக் கூடிட்டா என்னைய என்ன செய்வாரு?"

தூணும் துறைமுகக் கூலிகளும்

சம்பந்தம் கலைந்தது. செண்பகம் தப்பித்தாள். வைகுண்டம் அண்ணாச்சி பழியை மேசையின் மேல் போட்டு, அதை விற்றார். வாங்கியவர் பஞ்சுத் தரகர் சங்கரலிங்கம். தாமிரவருணிக் கரையில் நஞ்சை வைத்திருந்த குடும்பம். ஊருக்குள் புதிதாக வீடு கட்டி, அதிகாரிகளைக் கூப்பிட்டு விருந்து போடுவதையே தொழிலாக வைத்திருந்தார். "வைகுண்டம் ஒரு மடையன். மேசைய வாங்கிட்டு வெளக்குத் தேடுனான். நான் அப்படி இல்ல, மொதல்ல வெளக்கு" என்றார். அறையின் நடுமையத்தை நூல் பிடித்துக் கண்டுபிடிக்க வைத்து, அதே இடத்தில் ஒரு புது விளக்கைத் தொங்கவிடச் சொன்னார். மேசையைப் போட்டுப் பார்த்துவிட்டு மாட்டலாம் என்றேன். "நீர் என்ன படிச்சிருக்கீர்?" என்று கேட்டார். எஸ்.எஸ்.எல்.சி. என்றேன். அந்தப் பதில் அவருக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

மேசையைப் பிரித்து மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். கல் பலகைகளைத் தூக்கத் துறைமுகத்திலிருந்து கூலியாட்கள் வந்தார்கள். விளக்குக்கு நேர் கீழே மேசையைப் பூட்டி முடித்து, சங்கரலிங்கம் கோலைப் பின்னால் இழுத்தார். கோலின் அடிப்பக்கம் தூணில் இடித்தது. அவர் ஆசையாகக் கட்டிய தூண். பூ வேலை செய்தது. மேசையைத் தள்ளிப் போடச் சொன்னார். போட்டார்கள். இப்போது மேசை ஒரு பக்கம், வெளிச்சம் ஒரு பக்கம். சும்மா கிடந்த தரை பளபளவென்று இருந்தது. விளக்கைக் கொஞ்சம் சரித்து வைத்தால் வெளிச்சம் அந்தப் பக்கம் போகாதா என்று என்னைக் கேட்டார். முதுகு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த கூலித் தலைவர் எனக்கு முன்னால் முந்திக்கொண்டார்: "மொதலாளி, இத்தன பாரத்த நாங்க தோள்ல தூக்கிட்டு வாரோம். அந்தச் சின்ன வெளக்கு நாலு எட்டு நவுந்து வரப்படாதா?"

மெயின்

விளக்கை நகர்த்தி மாட்ட மறுபடி போனோம். இதற்கு முன்னால் சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். இது அப்படி இல்லை.

பகல் நேரம். விளக்கைப் பழைய இடத்தில் கழற்றிப் புதுக் கொக்கியில் மாட்டிவிட்டு, அதற்கு ஒயரை இழுத்துக்கொண்டிருந்தோம். மெயின் ஸ்விட்சை நானே கையால் இறக்கிவிட்டு, "வேலை முடியும் வரைக்கும் தொடவேண்டாம்" என்று சங்கரலிங்கத்திடம் நேரில் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். மேசையை நகர்த்தக் கூலியாட்கள் இல்லாததால், ஏணியை அதன் ஓரமாக நிறுத்திச் சூசை அண்ணன் எட்டி நின்று வேலை செய்தார். நான் பக்கத்து அறையில் ஒயரை அளந்து வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஓர் அதிகாரி வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அவருக்கு வியர்த்தது. காற்றாடி சுற்றவில்லை. சங்கரலிங்கம் எழுந்து போய், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், தம் கையாலேயே மெயினைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சேசுவே!" என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தேன். சூசை அண்ணன் மேசை விளிம்பில் விழுந்து, அங்கிருந்து தரையில் உருண்டு கிடந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. வலது மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவரைத் தொடலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை. சங்கரலிங்கம் கூடத்திலிருந்து ஓடி வந்தார். பரவாயில்லை, மனுஷன்தான் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் எங்களைத் தாண்டிப் போனார். மேசை மேல் இரண்டு கையையும் வைத்து, சூசை அண்ணன் விழுந்த இடத்தைத் தடவினார். குனிந்து, கண்ணைக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எங்களைக் கேட்டார்: "துணி கிழியலியே?"

கயிறு பிடிக்கிறவன்

வாசலில் அவருடைய கார் நின்றது. டிரைவர் மாடசாமியிடம் போய், "வண்டிய எடும், ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். முதலாளியைக் கேட்காமல் எப்படி என்று அவர் தயங்கினார். உள்ளேயிருந்து, "காரை எடுக்காதேலே, ஆபீசரை இறக்கிவிடணும்" என்ற குரல் வந்தது. மாடசாமி அந்தக் குரல் வந்த பக்கம் ஒரு தரம் பார்த்தார், சூசை அண்ணன் கையை ஒரு தரம் பார்த்தார், பின் கதவைத் திறந்துவிட்டார். வழியில் குண்டு குழி வரும்போது மட்டும் சூசை அண்ணன் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடலுக்கு அடியில் பிடித்துப் பழகிய மூச்சு.

டாக்டர் எலும்பைச் சேர்த்துக் கட்டுப் போட்டார். உயிருக்கு ஒன்றுமில்லை, கை பழையபடி வருவது சந்தேகம் என்றார். சூசை அண்ணனின் சம்சாரமும் மக்களும் வந்து அழுது ஓய்ந்தபிறகு நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெயினுக்குப் பக்கத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும் என்றோ, அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்றோ ஏதோ உளறினேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "செல்லையா, கடல்ல எறங்கும்போது தோணில ஒருத்தன் கயித்தப் பிடிச்சிட்டு நிப்பான். லேசா ஒரு இழு இழுத்தாப் போதும், தூக்கிருவான். இங்கன ஏணில ஏறுனா, கீழ நிக்கிறவன் துணியப் பாக்கான்."

முதலாளி ஏணி ஏறினது

சங்கரலிங்கம் கடைக்கு ஆள் அனுப்பினார். மறுநாள் வீட்டில் விருந்து. விளக்கு எரிந்தாக வேண்டும். கேட்காமல் காரை எடுத்ததற்கு நான் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் இனிமேல் அந்தக் கடையில் ஒரு பல்புகூட வாங்கப் போவதில்லை. தமக்குத் தெரிந்தவர்களையும் வாங்க விடப்போவதில்லை. என் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பொன்னையா அண்ணாச்சியைப் பற்றி எனக்கு ஒன்றும் உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. எந்த வாடிக்கைக்காரர் வந்தாலும் எழுந்து நின்று கும்பிடுகிறவர். எரியாத பல்பைத் திருப்பிக் கொண்டுவந்து வைகிறவனைக்கூட "உக்காருங்க, கலர் சாப்பிடுங்க" என்கிறவர். அவர் சேதியைக் கேட்டுவிட்டு, "சூசை கை எப்படி இருக்கு?" என்றார். சொன்னேன். "ஏணிய எடு" என்றார்.

மன்னிப்புக் கேட்கத்தான் கூட்டிப்போகிறார் என்று எண்ணிக்கொண்டு ஏணியோடு பின்னால் நடந்தேன். எப்படிக் கேட்பது, என்ன முகத்தோடு கேட்பது என்று மனசுக்குள் வைதுகொண்டே போனேன். அவர் நேரே மெயினுக்குப் போனார். இறக்கினார். பீஸ் கட்டையையும் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி, அந்த உடம்போடு, மூச்சு வாங்கிக்கொண்டே ஏணியில் ஏறினார். நான் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பாதி மாட்டியபடி தொங்கிக்கொண்டிருந்த விளக்கைப் பூட்டுவார் என்று பார்த்தால், கொக்கியிலிருந்து கழற்றி என் கையில் இறக்கினார்.

சங்கரலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன பொன்னையா, கழட்டுதீரு? நாளைக்கு ஆளுக வாராங்க. வெளக்கில்லாம எப்படி ஆடுறது?" என்று கத்தினார். பொன்னையா அண்ணாச்சி இறங்கி, வேட்டியை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல ஒரு கும்பிடு போட்டார். வாசலில் நின்ற மாடசாமியிடம் பீஸ் கட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிச் சொன்னார்: "துணிதான் கிழியலையே அண்ணாச்சி. தடவிப் பாத்து ஆடுங்க."

ரேஷன் அரிசி

சங்கரலிங்கம் சொன்னபடியே தெரிந்தவர்களையெல்லாம் தடுத்தார். கொஞ்ச நாள் கடையில் ஈ ஓட்டினோம். பிறகு மற்ற கடைகளில் அவர்கள் பட்ட பாட்டில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சூசை அண்ணனுக்குக் கை கூடியது, ஆனால் கோணலாகத்தான் கூடியது. ஏணி ஏறுவது அவரால் முடியாமற் போயிற்று. பொன்னையா அண்ணாச்சி அவரை என் இடத்தில் உட்கார வைத்தார். ஏணி என் தோளுக்கு வந்தது. விளக்கு வாங்க வருகிறவர்களிடம் நான் சிரித்துப் பேசிக் கெஞ்சுவேன். அவர் அப்படி இல்லை. எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் முதல் கேள்வி, "ஒங்க வீட்டு மெயின் எங்க இருக்கு? அதத் தொடுற ஆளு யாரு?" என்பதுதான். பதில் பிடிக்கவில்லையென்றால் விளக்கை எடுத்தே காட்ட மாட்டார். வியாபாரத்துக்கு இதைவிடக் கேடு வேறு இல்லை. முதலாளி ஒருநாளும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

சங்கரலிங்கத்துக்கும் மேசை சலித்துவிட்டது. அதை வாங்கியவர், சூசை அண்ணன் கையைக் கட்டிய அதே டாக்டர். காலேஜ் நாளில் நன்றாக ஆடினவராம். சூசை அண்ணனின் கேள்விக்கு அவர் மெயினைத் தாமே பூட்டிச் சாவியை எங்கள் கையில் தருவதாகச் சொல்லி விளக்கு வாங்கினார். சொன்னபடியே செய்தார். முதலில் மேசை, அப்புறம் விளக்கு. அதே மாதிரி மூன்று ஷேடு விளக்கு. மேசையின் நடுவுக்கு நேராக நூல் தொங்கவிட்டுப் பார்த்து, ஆடுகிறவருடைய உயரத்துக்கு வைத்து, நானே ஏறி மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் துணி முழுக்க ஒரே வெளிச்சம், ஒரு நிழல் கிடையாது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எங்கள் தொழிலின் மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது.

சில மாதம் கழித்து அந்தத் தெருவில் வேறு வேலையாகப் போனவன், எப்படி எரிகிறது என்று பார்க்க நுழைந்தேன். டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரியை விட்டு வரவே நேரமில்லையாம். கோல்கள் மூலையில் கிடந்தன, பந்துகள் ஒரு கூடையில் அலமாரி மேலே இருந்தன. பச்சைத் துணியின் மேல் ஒரு பழைய சேலையை விரித்து, நடுவே ரேஷன் அரிசியைக் குவித்து, டாக்டரின் சம்சாரம் முக்காலி போட்டு உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சாயர்புரத்துக்காரர், கலகலப்பான மனுஷி. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து சொன்னார்: "இந்த வெளிச்சத்துல ஒரு கல்லு தப்ப முடியாது தம்பி! மேசைக்கு மேல இப்படி வெளக்கு மாட்டணும்னு எந்த மகராசன் கண்டுபிடிச்சான்?"

அந்த மேசைக்கு மேலே நாங்கள் மாட்டிய விளக்குகளில் எதன் கீழேயும் ஒருவரும் ஓர் ஆட்டத்தை ஒழுங்காக ஆடி முடித்து நான் பார்த்ததில்லை; டாக்டர் வீட்டில் மட்டும் அதன் பிறகு சோற்றில் கல் கடிபடவில்லை என்று கேள்வி.